பதினொரு சிவப்பு

1994 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, போத்தனூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த யாகூப், வயது ஐம்பத்து மூன்று, கைது செய்யப்பட்டார். கணபதியில் ஒரு மில் முதலாளி வீட்டிலிருந்து புதுச் சட்டம் போட வந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, போலி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார் என்பது புகார்.

மறுநாள் பகல் பதினொன்றரைக்கு அந்தக் கணபதி வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபியட் வந்து இருமிக்கொண்டு நின்றது. இறங்கிய இருவரில் பெரியவர் நஞ்சுண்டன். பத்தொன்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, தானாக எரிந்த பஞ்சையும் எரிக்கப்பட்ட பஞ்சையும் பிரித்துச் சொன்னவர். இப்போது காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். மற்றவன் அவருடைய உதவியாளன் ஆரிஃப், முப்பத்தொரு வயது. சட்டக் கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். அங்கே பழகிய வாயை மட்டும் விடாதவன்.

யாகூப் வீடு ஆரிஃபின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆரிஃபின் நிக்காஹ் போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்து, கூலி வாங்க மறுத்தவர். காலையில் யாகூபின் மனைவி சித்திகா அலுவலகப் படியேறி வந்தார்.

"அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம் தம்பி. போய்ட்டா பதினஞ்சு நாளைக்கு வர முடியாதாம். அவருக்கு ரெண்டு வேளையும் சர்க்கரை மாத்திரை. அதைக் குடுக்கக்கூட உள்ள உடமாட்டேங்கறாங்க" என்றார். நஞ்சுண்டன் கணபதி வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

பக்கத்துச் சந்துகளில் லேத் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு உள்ளே அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது. போர்ட்டிகோவில் ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். முப்பத்து நாலு வயதுக்கு ஏற்கெனவே தொந்தி போட்டிருந்த சாய்குமார். மில்லும் வீடும் இப்போது அவர் பெயரில்.

"டிடெக்டிவ் யாரு?"

"நானுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"இது?"

"என் அசிஸ்டெண்ட். பேரு ஆரிஃப்."

பெயரைக் கேட்டதும் சாய்குமாரின் பார்வை ஆரிஃபின் செருப்பு வரைக்கும் போய்த் திரும்பியது. "எந்தப் பக்கம்?"

"போத்தனூருங்க."

"அதான பாத்தேன். நீங்க உள்ள வாங்க. அவன் வெளிய நிக்கட்டும்."

"தாராளமா நிக்கறேனுங்க" என்றான் ஆரிஃப். "ஆனா எங்க சார் போன வாரம் கண்ணாடிய ஒடச்சுப்போட்டாருங்க. தொணைக்கு ஆள் இல்லீன்னா, படம்னு நெனச்சு உங்க ஜன்னலப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதிப்போடுவாரு."

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. "ஒரிஜினல் கிடைக்கணும்னு போன்ல சொன்னீங்களே, அது இன்னும் வேணுமில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாய்குமார் வழியை விட்டார். வழிவிட்ட தோரணை கதவை அறைந்து சாத்தியதற்குச் சமமாக இருந்தது.

ஹாலில் ரேடியோகிராம், டெலிபோன், டிவி, தையல் மெஷின் எல்லாவற்றின் நெற்றியிலும் போன மாதத்து ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன. மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியில், வெளிர் சாம்பல் சேலையில், ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. சாய்குமாரின் காலமான அப்பா கோவிந்தராஜுலுவின் இரண்டாம் மனைவி வெங்கடலட்சுமி. சாய்குமார் அவரை அறிமுகப்படுத்தவில்லை. அந்த ஹாலில் நாற்காலி இருந்ததையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

படம் எதிர்ச் சுவரில் இருந்தது. மூன்றடிக்கு இரண்டடி. 1926-ல் இதே பங்களாவில் குடியிருந்த வெள்ளைக்கார மேனேஜரிடம் லமார் என்ற பிரெஞ்சுக்காரர் விருந்தாளியாக வந்து மூன்று வாரம் தங்கினார். போகும்போது பின்கட்டுத் தோட்டத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். வீட்டை வாங்கியபோது படமும் கோவிந்தராஜுலுவின் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

ஆரிஃப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை நீட்டினான். பச்சை, மஞ்சள், ஊதா என்று திட்டுத் திட்டாகச் சாயம். சுண்ணாம்புக் கரண்டியால் அப்பியது மாதிரி மேடும் பள்ளமும்.

"சார், இது தோட்டமா? டவுன் பஸ் டிக்கெட்டெல்லாம் கிழிச்சு ஒட்டிவெச்ச மாதிரி இருக்குதுங்க."

"அத்தன கிட்டப் போகாதீங்க தம்பி" என்றது பிரம்பு நாற்காலி. "எட்டடி தள்ளி வாங்க. அப்பத்தான் வெயில் வரும்."

ஆரிஃப் பின்னால் நடந்தான். ஆறாவது அடியில் ஒன்றுமில்லை. எட்டாவது அடியில் திட்டுகள் கரைந்தன. ஒரு மண் பாதை வந்தது. அதன் மேல், இலைகளுக்கு நடுவே சிந்திய வெயில் காசு காசாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மினுங்கியது. இடது கீழ் மூலையில் ஒரு புதர். தூரத்தில் குடை பிடித்த ஒரு பெண், முகமே வரையப்படாதவள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள் என்று எப்படியோ தெரிந்தது. காலை ஒன்பது மணி வெயில். இன்னும் அரை மணி போனால் சுடும். லமார் பொருளை வரையவில்லை, அதன் மேல் விழுந்ததை வரைந்திருந்தார். யாகூபின் சர்க்கரை மாத்திரையை ஆரிஃப் ஒரு நொடி மறந்தான். மறந்ததற்காக உடனே தன் மேலேயே எரிச்சல்பட்டான்.

"படம் பாக்க வந்தீங்களா, கேஸ் பாக்க வந்தீங்களா?" என்றார் சாய்குமார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் நஞ்சுண்டன். "போலின்னு எப்படிச் சொல்றீங்க?"

சாய்குமார் மேஜையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து நீட்டினார். அக்டோபரில் ஸ்டூடியோக்காரர் எடுத்த அதே படம். அதே பாதை, அதே குடை. ஆனால் இடது மூலைப் புதரிலும் பாதை ஓரத்திலும் சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள்.

"எண்ணிப் பாருங்க. பதினொண்ணு. இப்ப சொவத்துல இருக்கறதுல எத்தன?"

ஒன்றுகூட இல்லை.

"படத்த விக்கறதுக்காகப் போட்டோவ பம்பாய்க்கு அனுப்பிச்சேன். வாங்கறவங்களோட எக்ஸ்பர்ட் லெட்டர் போட்டான். இந்தா, படி." கடிதம் ஆரிஃபின் நெஞ்சுக்கு நேராக வீசப்பட்டது.

ஆரிஃப் அந்த ஆங்கிலத்தை மெல்ல மெல்லத் தமிழாக்கிப் படித்தான். "'பச்சையின் நடுவே துணிந்து வைத்த இந்தப் பதினொரு சிவப்புத்தான் படத்தையே தாங்குகிறது. ஒரே சிவப்பைப் பதினொரு தடவை வைக்கவில்லை. முதிர்ந்த பழுப்பிலிருந்து இளஞ்சிவப்பு வரை பதினொரு சிவப்பு. காலம் நகர்வதை ஒரே செடியில் காட்டியிருக்கிறார். மகா கலைஞனின் கை.' சார், இந்த ஆளக் கூட்டிட்டு வந்து எங்க ஊட்டு சாம்பாரைக் குடுத்தா, அதுலயும் காலம் நகர்றதப் பாப்பாரு."

"நவம்பர் எட்டாந்தேதி சட்டம் போட அனுப்பிச்சோம்" என்றார் சாய்குமார். "பதினஞ்சாந்தேதி திரும்ப வந்துச்சு. முந்தா நாள் அந்த எக்ஸ்பர்ட் வந்தான். படத்தப் பாத்தான், போட்டோவப் பாத்தான். பூ எங்கேன்னான். அடுத்த பிளைட்டுக்குப் போய்ட்டான். என் மானம் போச்சு. எல்லாம் அந்த போத்தனூர் களவாணி."

"யாகூப் என்ன சொன்னாருங்க?"

"கடைக்கு வந்தப்பவே பூ இல்லைன்னானாம். எந்தக் களவாணி ஒத்துக்குவான்?"

 நஞ்சுண்டன் மேஜை மேல் கிடந்த, துணியில் இழை எண்ணும் மடக்குப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போனார்.

"நானே அதுல பாத்துட்டேன்" என்றார் சாய்குமார். "இஞ்சு இஞ்சா. எங்களுக்கு நூலையும் தெரியும், துணியையும் தெரியும். போலிதான்."

"ஒண்ணு கேக்கறேனுங்க. இந்தக் குடை ஓரத்துல நூல் கனத்துக்கு ஒரு ஊதாக் கோடு இருக்குது. போட்டோவுலயும் இருக்குது. பாதையில மூணு வெயில் காசு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குது. அதுவும் ரெண்டுலயும் இருக்குது. இத்தனையும் பாத்துப் பாத்துக் காப்பியடிச்சவன், பட்டுனு கண்ணுல அடிக்கற பதினொரு செவப்புப் பூவ மறந்துட்டானுங்களா?"

"அவசரத்துல உட்டுருப்பான்."

"பரீட்சைல பிட் அடிக்கறவன்கூட பதிலைத்தானுங்க மொதல்ல காப்பியடிப்பான்" என்றான் ஆரிஃப். "பக்கத்துப் பையனோட மார்ஜின் கோட்ட அடிக்க மாட்டான்."

"உன்னை யாருடா கேட்டது?"

"கேக்கலீங்க. இலவசம்."

நஞ்சுண்டன் ஜன்னலோரம் போய்ப் பின்கட்டைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில் ஆளுயரம் வளர்ந்த நந்தியாவட்டைப் புதர், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. படத்தின் இடது மூலையில் இருப்பதும் அதே புதர்தான். அறுபத்தெட்டு வருஷம் இளையது.

"நந்தியாவட்டை செவப்பாப் பூக்குமுங்களா?"

"பிரெஞ்சுக்காரனுக்கு என்ன தெரியும்?"

"கண்ணுக்கு முன்னாடி இருந்ததை வரையறதுதானுங்க அந்தப் பிரெஞ்சுக்காரங்க பாணியே. வெள்ளைப் பூவச் செவப்பா வரையறதுக்கு அவரு இத்தன தூரம் கப்பல் ஏறி வந்திருக்க மாட்டாரு."

அவர் ஹாலை ஒட்டிய நீண்ட நடைவழியில் தலையை நீட்டினார். அங்கே இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டம் போட்ட குரூப் போட்டோக்கள். ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும், மில்லில் பூஜை முடிந்து, குடும்பமும் சூப்பர்வைசர்களும் இதே ஹாலில் இதே சுவரின் முன் வரிசையாக நின்று போட்டோ எடுப்பது இந்த வீட்டு வழக்கம். ஆரம்ப வருஷங்கள் கறுப்பு வெள்ளை, பிறகு கலர். ஒவ்வொன்றின் கீழும் வருஷம் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் தலைகளுக்கு மேலே லமாரின் தோட்டம்.

"ஆரிஃப், இந்தக் கண்ணாடிய வெச்சுக்கிட்டு அந்தப் பக்கத்துலருந்து வா. மனுஷங்கள உட்டுரு. பூவ மட்டும் எண்ணு. கறுப்பு வெள்ளைல கறுப்புப் புள்ளியாத் தெரியும்."

"கல்யாணத் தரகர்கூட மனுஷங்களத்தான் பாப்பாரு. சரிங்க, வாரேன்."

பத்து நிமிஷம் ஆனது. சாய்குமார் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். போன் அடித்தது, எடுத்துப் பேசிவிட்டு, "இன்ஸ்பெக்டர். நாலரைக்கே கோர்ட்டுக்குக் கெளம்பறாங்களாம். உங்க ஆளு தயாரா இருக்கட்டும்" என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நடைவழியின் கோடியிலிருந்து ஆரிஃபின் குரல் கேட்டது. கிண்டல் இல்லாத குரல். "சார். இந்தப் படத்துல பூ பூக்குதுங்க."

"வெவரமாச் சொல்லு."

"எழுபத்தேழுல ஒண்ணுகூட இல்லீங்க. எழுபத்தெட்டுல ஒண்ணு. எழுபத்தொம்பதுல ரெண்டு. எம்பதுல மூணு. வருஷத்துக்கு ஒண்ணு, பிசகாம. எம்பத்தெட்டுல பதினொண்ணு."

"அப்பறம்?"

"அப்பறம் நின்னு போச்சுங்க. எம்பத்தொம்பதுலருந்து போன மாசம் வரைக்கும் அதே பதினொண்ணுதான். செடிக்கு வயசாயிருச்சாட்ட."

சாய்குமார் வேகமாக நடைவழிக்குள் போனார். ஆரிஃபின் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, 1981-ன் மேல் வைத்துப் பார்த்தார், பிறகு 1985. அவர் இருபத்தைந்து வயதில் அதே வரிசையில் மீசையோடு நின்றிருந்தார். தலைக்கு மேலே எட்டுப் பூ. அதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கிட்டே போய்ப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஆனால் தேவைப்பட்ட போது மட்டும்.

"எவனோ வருஷா வருஷம் என் படத்துல கை வெச்சிருக்கான்" என்றார் சாய்குமார், திரும்பி வந்து.

"ஆமாங்க. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை." நஞ்சுண்டன் டெலிபோனைச் சுட்டிக் காட்டினார். "இந்த ஊட்டுல தையல் மெஷினுக்குப் பொட்டு வெச்சிருக்குது. டெலிபோனுக்கு வெச்சிருக்குது. உங்க எழுத்து மேஜை டிராயருக்குக்கூட வெச்சிருக்குது. படத்துக்கு மட்டும் வெக்காம இருந்திருப்பாங்களா? சமையலுக்கு யாருங்க இருக்காங்க?"

உள்ளேயிருந்து பழனாத்தாள் வந்தார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி, முதலாளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் பஞ்சு, ஒரு டம்ளர் தண்ணி. கொண்டாங்க அம்மணி" என்றார் நஞ்சுண்டன்.

"ஜூஸ் போடோணுமுங்களா?"

"இல்ல. ஒருத்தரை வெளிய எடுக்கோணும்."

பழம் வந்தது. நஞ்சுண்டன் ஈரப் பஞ்சால் டெலிபோனிலிருந்த பொட்டைத் தொட்டார். பஞ்சு சிவந்தது. எலுமிச்சையைப் பிழிந்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

"இது கடைக் குங்குமம். சாயப்பொடி. எலுமிச்சைக்கு அசையாது."

அடுத்த பஞ்சை நனைத்துக்கொண்டு படத்தை நோக்கி நடந்தார்.

"படத்துல கை வெச்சீன்னா உன்னையும் உள்ள தள்ளிருவேன்!" சாய்குமார் குறுக்கே வந்தார்.

"போலிப் படம்தானுங்களே? போலிக்கு என்ன பதறறீங்க?" என்றான் ஆரிஃப்.

சாய்குமார் ஆரிஃபின் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் நஞ்சுண்டன் புதரின் மேல், சாயம் மேடு கட்டியிருந்த ஓர் இடத்தில், பள்ளத்தில் மட்டும் பஞ்சு நுனியை வைத்து ஒற்றி எடுத்தார். மேலே துடைத்தவர் கைக்கு அந்தப் பள்ளம் எட்டவில்லை. பஞ்சில் வெந்தய அளவுக்கு ஒரு சிவப்பு. அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சை விழுந்தது. சிவப்பு, நான்கு பேர் கண்ணுக்கு முன்னால், மஞ்சளாக மாறியது.

"எண்ணெய்ச் சாயம் எலுமிச்சம்பழத்துக்கு மசியாதுங்க" என்றார் நஞ்சுண்டன். "இது மஞ்சள்ல செஞ்ச குங்குமம். ஊட்டுல செய்யறது. பூ எல்லாமே பொட்டு. போட்டோவுல இருந்ததும் இந்தப் படந்தான், சொவத்துல இருக்கறதும் இந்தப் படந்தான். திருட்டே நடக்கலீங்க."

"பதினொரு சிவப்பு, மகா கலைஞனோட கை" என்றான் ஆரிஃப், கடிதத்தை மடித்தபடி. "வருஷத்துக்கு ஒண்ணு வெச்சா, பழசு நெறம் மாறித்தானுங்க இருக்கும்."

நஞ்சுண்டன் பழனாத்தாளிடம் திரும்பினார். "ஊட்டுல குங்குமம் செய்யறது யாரு அம்மணி?"

"இப்ப யாரும் செய்யறதில்லீங்க. கடைல வாங்கறதுதான். முன்ன மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு..." பழனாத்தாள் நிறுத்தினார். அவர் பார்வை பிரம்பு நாற்காலிப் பக்கம் போகப் பார்த்துத் தயங்கித் தரைக்கே வந்தது. "ஐயா போனதுக்கப்பறம் நிறுத்திப்போட்டாங்க."

"ஐயா எப்பப் போனாருங்க?"

"எம்பத்தொம்பது மாசி மாசமுங்க."

பூ நின்ற வருஷம் அதுதான். கணவன் போன வருஷத்தோடு குங்குமத்தைத் தொடக்கூடாதவராக ஆகிவிட்ட ஒரே ஆள் அந்த ஹாலில் இருந்தார்.

வெங்கடலட்சுமி எழுந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"கல்யாணமாகி வந்த வருஷம். பூஜைத் தட்டை எடுத்துக்கிட்டு ஊடு பூராப் பொட்டு வெச்சுக்கிட்டு வந்தேன். இதுக்கும் வெக்கோணுமான்னு அவரக் கேட்டேன். வெய்யி, இதுவும் மெஷின்தான், வெயில் ஓட்டற மெஷின்னாரு. சட்டத்துல வெக்கப் போனேன். அங்க வேண்டாம், எட்டடி தள்ளி நின்னு பாத்துச் சொல்றேன், எங்க பூ இல்லாம வெறிச்சுன்னு இருக்குதோ அங்க வெய்யின்னாரு. அப்படியே வருஷத்துக்கு ஒண்ணு. சண்ட போட்ட வருஷங்கூட வெச்சோம். ரெண்டு பேரும் பேசிக்கல. கையக் காட்டி எடத்தக் காட்டுனாரு."

"அப்ப தொடச்சது?" என்றார் நஞ்சுண்டன்.

"நான்தானுங்க. சட்டம் போட வண்டி வந்த அன்னிக்குக் காலைல. விக்கப் போறேன்னு சாயி சொல்லிருச்சு. படம் அவங்க தாத்தாவோடது. வித்துக்கட்டும். பூ அதுல சேராது. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஈரத்துணில தொடச்சு எடுத்துக்கிட்டேன். போட்டோ எடுத்துப் பம்பாய்க்கு அனுப்புனது எனக்குத் தெரியாதுங்க."

ஆரிஃபுக்கு இரக்கம் வந்தது. அதை விடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"நேத்து சாயங்காலம் அவரைக் கூட்டிட்டுப் போனது தெரியுமில்லீங்களா அம்மா?"

"தெரியும்."

"விடியற வரைக்கும் ஒரு பெஞ்சுல உக்காந்திருந்திருக்காரு. மாத்திரை இல்லாம."

வெங்கடலட்சுமி அவனை நேராகப் பார்த்தார். "தப்புத்தான் தம்பி. சொன்னா இந்த ஊட்டுல இருக்க முடியாதுன்னு வாயத் தொறக்கல. அதுக்கு வேற பேரு இல்ல."

நஞ்சுண்டன் டெலிபோனை எடுத்து சாய்குமாரிடம் நீட்டினார். "மணி ஒண்ணேகால். ஸ்டேஷனுக்குச் சொல்லிருங்க. புகார வாபஸ் வாங்கறீங்கன்னு."

சாய்குமார் ரிசீவரை வாங்கினார். திரும்ப அதன் இடத்திலேயே வைத்தார்.

"மாட்டேன்."

"என்னுங்க?"

"திருட்டுப் போன படம்னா பம்பாய்க்காரன் நம்பிக் காத்திருப்பான். எவனையாவது வெச்சுப் பூவ வரஞ்சுட்டு, கெடச்சுதுன்னு சொல்லி ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லலாம். குங்குமம்னு தெரிஞ்சா? எங்க ஊட்டுப் பொம்பள வெச்ச பொட்டப் போட்டோ எடுத்து அனுப்பிச்சேன்னு மார்க்கெட்டே சிரிக்கும். அந்த ஆளு பதினஞ்சு நாள் இருந்துட்டு வரட்டும். ஆதாரம் இல்லைன்னு அவங்களே உட்டுருவாங்க. என்ன கெட்டுப் போச்சு?"

"அப்ப களவு நடக்கலைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே உள்ள வெக்கறீங்க" என்றார் நஞ்சுண்டன், புரிந்துகொண்டதைச் சரிபார்க்கும் குரலில்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எலுமிச்சம்பழத்த எந்தக் கோர்ட்டு சாட்சின்னு ஏத்துக்கும்? சின்னம்மா வயசான காலத்துல எதையோ ஒளறுது. பழனாத்தா ஒண்ணும் கேக்கல. இல்ல பழனாத்தா?"

பழனாத்தாள் தரையைப் பார்த்தார்.

"நீங்க கெளம்பலாம்" என்றார் சாய்குமார். பிறகு பிரம்பு நாற்காலியின் பக்கம், அன்று முதல் தடவையாக. "சின்னம்மா, உள்ள போங்க. வாசப்படி தாண்டுனீங்கன்னா திரும்பி வர வேண்டாம்."

ஆரிஃப் நஞ்சுண்டனைப் பார்த்தான். நஞ்சுண்டனிடம் அடுத்த கேள்வி இருக்கவில்லை. பதினாறு மாத வேலையில் ஆரிஃப் அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. துப்பு முழுசாகக் கிடைத்திருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

வெங்கடலட்சுமி உள்ளே போனார். சாய்குமார் கதவை நோக்கிக் கையைக் காட்டினார். இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழும், மடித்த துணி ஒன்றும். துணியில் பழுப்பும் சிவப்புமாகக் கறைகள்.

"தொடச்ச துணி. தூக்கிப் போட மனசு வரல" என்றார் நஞ்சுண்டனிடம். "எந்த ஸ்டேஷனுங்க?"

"சின்னம்மா!"

"உங்க வண்டில எடம் இருக்குதுங்களா தம்பி?" என்று அவர் ஆரிஃபைக் கேட்டார்.

"பின் சீட்டுல ஸ்பிரிங் குத்துமுங்க" என்றான் ஆரிஃப். ஃபியட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அது வெளிப்பக்கத்திலிருந்து மட்டும்தான் திறக்கும்.

காவல் நிலையத்தில் வெங்கடலட்சுமியின் வாக்குமூலம் மூன்று பக்கம் வந்தது. பிற்பகல் இரண்டு நாற்பதுக்குக் கையெழுத்திட்டார். துணியும் சிமிழும் அதனோடு சேர்க்கப்பட்டன. இன்ஸ்பெக்டர் கணபதி வீட்டுக்குப் போன் செய்து பதினைந்து நிமிஷம் பேசினார். கேள்வி அதிகம் கேட்டது அவர். கடைசியில் குரலை உயர்த்தியதும் அவர்தான். நாலு ஐந்துக்கு யாகூப் விடுவிக்கப்பட்டார். வெளியே வந்தவரிடம் வெங்கடலட்சுமி ஏதோ சொல்ல எழுந்தார். யாகூப் நிற்கவில்லை. வாசலில் காத்திருந்த சித்திகா கொடுத்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போத்தனூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

பம்பாய்க்காரர்கள் படத்தை வாங்கவில்லை. வியாழக்கிழமை காலை வெங்கடலட்சுமியின் இரண்டு பெட்டிகள் கிணத்துக்கடவில் அவர் தம்பி வீட்டுக்கு மில் வேனில் அனுப்பப்பட்டன.